நாகேசு விட்ட இடம்

சிவமயம்

இணுவில்
9.9.1956

விமலேஸ்வரிக்கு,

நானும் அம்மாவும் சுகம். சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்தார்கள். விசாரித்ததாக வைத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மருதனார்மடச் சந்தையில் உம்முடைய பெரியம்மா என்னை மறித்தா. "எங்கட விமலாவுக்கும் ஒரு வழி பிறந்திட்டுது பிள்ளை. உங்கட சிநேகிதி நாகேஸ்வரியின்ர மனுசன் சின்னராசாதான் மாப்பிள்ளை. ஆவணியில கலியாண எழுத்து முடிஞ்சுது" என்றா. தெரிந்தெடுத்த கத்தரிக்காயைக் கடைக்காரியின் கடகத்திலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நாகேசு மார்கழியில் செத்தாள். பிள்ளைப்பேற்றில், வயிற்றிலிருந்த ஆண்பிள்ளையோடு. ஆவணியில் அவளுடைய புருஷனை நீர் கட்டியிருக்கிறீர். எட்டு மாதம்! மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்தக் காட்டில் அவளுக்கு அடுத்த காணியில் நீரும் உம்முடைய தமையன் யோகலிங்கமும் இருக்கிறீர்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீர் அங்கே எதற்குக் காத்திருந்தீர் என்று இப்போதுதான் விளங்குகிறது.

உம்மோடு வாதாட எழுதவில்லை. நாகேசுவின் மகளுக்காக எழுதுகிறேன். பவளத்துக்கு ஐந்து வயது. போன கார்த்திகையில் நாகேசு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "பவளம் படிக்கிற வயதுக்கு வந்தால் உன்னிடம்தான் விடுவேன்" என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது பிள்ளை இங்கே இருக்கவேண்டும்.

அருந்ததி


கண்டாவளை
2.10.1956

அருந்ததிக்கு,

பிள்ளை சுகம். இவரும் நானும் சுகம். உம்முடைய தாயாரின் கால்நோவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதம் கிடைத்தது. மழைக்கு முன் விதைத்துவிடவேண்டும் என்று இவரும் அண்ணரும் ஓடித்திரிகிறார்கள். வேலைக்கு நிற்கிற ஆட்களுக்கு மூன்று நேரமும் சமைக்கவேண்டியிருக்கிறது. நீட்டி எழுத நேரமில்லை.

பவளத்தை அனுப்பமாட்டேன்.

விமலேஸ்வரி


இணுவில்
14.10.1956

விமலேஸ்வரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கால்நோவைப் பற்றி நீர் கவலைப்படவேண்டாம்.

அனுப்பமாட்டேன் என்று சொல்ல நீர் யார்? பெற்றவளா? பெற்றவள் சொன்னதை நான் எழுத்தில் வைத்திருக்கிறேன்.

நாகேசு யார் என்பதை நீர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. கணக்கு ரீச்சர் கரும்பலகையில் பிழைவிட்டபோது எழும்பி நின்று திருத்தியவள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு நம் பள்ளிக்கூடத்தில் முதல் பெயராக வந்தது அவளுடையது. அந்த இடத்தை விட்டுவிட்டு, வன்னியில் ஆறு ஏக்கர் காணி கிடைத்த ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அவள் போன அன்றைக்கு நான் கோபத்தில் வழியனுப்பக்கூடப் போகவில்லை. நான்கு வருஷம் கடிதமும் எழுதவில்லை. அவள்தான் முதலில் எழுதினாள். அதற்குப் பிறகு நான் எங்கே பயணம் போனாலும் அவளுக்கு எழுதாமல் இருந்ததில்லை. கண்டி, திருக்கோணமலை, கடைசியாகச் சிதம்பரம், மதுரை. அவள் காணாத ஊரெல்லாம் என் கடிதத்தில்தான் கண்டாள்.

அந்தக் கடிதங்கள் என்னுடையவை. உம்முடைய வீட்டில் கிடக்கத் தேவையில்லை. கட்டி அனுப்பிவிடும். தபால் முத்திரைச் செலவை நான் தருகிறேன்.

அருந்ததி


கண்டாவளை
25.11.1956

அருந்ததிக்கு,

மழை பிடித்துவிட்டது. பவளத்துக்கு மூன்று நாள் தடிமன், இப்போது சுகம். உங்கள் பக்கத்திலும் நல்ல மழை என்று அறிந்தோம்.

கடிதங்களை அனுப்பமுடியாது. அவை உம்முடையவை அல்ல. எழுதி அனுப்பியபிறகு அவை நாகேசுவின் சொத்து. இப்போது பவளத்தின் சொத்து. தாய் வாசித்துக் காட்டக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமாகிவிட்டது. கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் எத்தனை யானை என்று உமக்கு மறந்திருக்கும், அவளிடம் கேளும்.

ஒன்றை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. சிதம்பரத்திலிருந்து நீர் எழுதியது. அது நாகேசு செத்து எட்டாம் நாள் வந்தது. தபால்காரர் ஏரம்பு அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படலையடியில் நின்றார். "ஆரிட்டக் குடுக்கிறது, பிள்ளை?" என்று கேட்டார். நான்தான் வாங்கினேன். "கனகசபைக்கு முன் நின்று உன்னையே நினைத்தேன்" என்று எழுதியிருந்தீர்.

அவள் காணாத ஊர் என்று எழுதியிருக்கிறீர். அவளும் பயணம் போனவள்தான். அதற்கு முந்திய வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வண்டிலில் போனோம், அவள், நான், இவர், பவளம். புதுக்குடியிருப்பில் அச்சு முறிந்துவிட்டது. கலந்தர் என்று ஒரு கடைக்காரர், முன்பின் தெரியாத எங்களைத் தன் வீட்டு விறாந்தையில் பாய் போட்டு இருத்தி, தச்சனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அவருடைய மனைவி ஜெமீலாவும் நாகேசுவும் ஒரு பகல் முழுக்க இருந்து கதைத்தார்கள். புறப்படும்போது ஜெமீலா அழுதா. ஒரு பகலில் ஒருத்தியை அழவைக்கிற மாதிரிப் பழகுவாள் நாகேசு. காட்டுப்பாதை முழுக்க உம்முடைய கதைதான். "அருந்ததி எண்டால் இந்த யானை லத்தியைப் பற்றியும் ரெண்டு பக்கம் எழுதுவாள்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் ஏன் கட்டினேன் என்று நீர் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதினீர். நாகேசுவின் படம் முன் அறையில்தான் இருக்கிறது. நான் கழற்றவில்லை. இவரும் கழற்றச் சொல்லவில்லை. அதற்கு மேல் உமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

விமலேஸ்வரி


இணுவில்
9.12.1956

விமலேஸ்வரிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பிள்ளையார் துணை.

உம்மோடு எழுதிப் பயனில்லை என்று கண்டு சின்னராசாவுக்கு நேரே எழுதினேன். அவர் மனிதர். தைப்பொங்கல் முடியப் பவளத்தைக் கொண்டுவந்து விடுவதாகப் பதில் போட்டிருக்கிறார். உமக்குச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. அதிலிருந்து அந்த வீட்டில் உம்முடைய இடம் என்ன என்று நீரே அறிந்துகொள்ளலாம்.

நாகேசுவின் கொப்பியைப் பார்த்தெழுதித்தான் நீர் சோதனை பாஸ் பண்ணினீர். அவள் தந்த சீலையைத்தான் பரிசளிப்பு விழாவுக்கு உடுத்தீர். இப்போது அவளுடைய குசினி, அவளுடைய புருஷன். அவள் விட்டதை எடுத்தே வாழ்ந்தவர் நீர். பிள்ளையையாவது விடும்.

அருந்ததி


கண்டாவளை
28.12.1956

அருந்ததி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

இவர் உமக்கு எழுதியது எனக்குத் தெரியாதுதான். உம்முடைய கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். "படிக்கக்கூடிய பிள்ளை. இந்தச் சேத்துக்க கிடந்து என்ன செய்யப்போகுது?" என்றார். "நான் ஒரு சங்கதி சொல்லுறன். கேட்டாப்பிறகும் அனுப்பிறதெண்டால் அனுப்புங்கோ" என்றேன். ஒரு வருஷமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் எழும்பி வயலுக்குப் போனார். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. பவளம் தையில் அங்கே வரமாட்டாள்.

அந்தச் சங்கதியை உமக்கும் எழுதுகிறேன். உமக்குத் தெரியாததல்ல.

போன வருஷம் டிசம்பர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவுக்குப் போகிற வழியில் உம்முடைய ரயில் பரந்தனில் நிற்கும், மூன்றாம் பெட்டியில் இருப்பேன், ஜன்னலால் கதைப்போம் என்று எழுதியிருந்தீர். நாகேசுவுக்கு எட்டு மாதம். இவரும் தடுத்தார், நானும் தடுத்தேன். "அஞ்சாறு வருசமாக் காணேல்லை. ரெண்டு நிமிசம் எண்டாலும் முகத்தைப் பாத்திட்டு வாறன்" என்றாள். முதல்நாள் முழுக்க அடுப்படியில் இருந்து எள்ளுப்பாகு கிண்டினாள். நானும் அவளும் வண்டிலில் போனோம். மழை வெள்ளம் வீதியை அறுத்திருந்தது. சில்லுப் புதைந்த இடத்தில் இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்தாள்.

ரயில் வந்தது. மூன்றாம் பெட்டியில் நீர் இருந்தீர். நீலச் சீலை. பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா. நாகேசு "அருந்ததி! அருந்ததி!" என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த வயிற்றோடு ஓடினாள். நீர் திரும்பிப் பார்த்தீர். நான் கண்டேன். பார்த்துவிட்டு ஜன்னல் பலகையை இழுத்து மூடினீர். அப்போது மழை பெய்யவில்லை.

ரயில் போனபிறகு ஸ்ரேசன் வாங்கில் இருந்தாள். "நித்திரைத் தூக்கமாக்கும். விடியவெள்ளன வெளிக்கிட்டிருப்பாள்" என்றாள். நான் அவளுடைய சீலைச் சேற்றைத் துடைத்துவிட்டேன். பொட்டலத்தை அவிழ்த்து ஒரு துண்டு கடித்தாள். "பாகு முறுகிப்போச்சு, விமலா. நல்லகாலம், அவளிட்டக் குடுக்கேல்லை" என்றாள்.

வருகிற வழியில் பொட்டலத்தை மறுபடி கட்டினாள். பிறகு, "பவளத்தை அவளிட்ட விடுவன் எண்டு எழுதிப்போட்டன். அவசரப்பட்டிட்டன்" என்றாள். அதற்குப் பிறகு உம்முடைய பெயரை எடுக்கவேயில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. பதினாறாம் நாள் அவள் இல்லை. நனைந்ததற்கும் செத்ததற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவிச்சி சொன்னா. இருக்கலாம்.

அவளுடைய கார்த்திகைக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திரும். அது பதினெட்டாம் தேதிக்கு முன் எழுதியது.

விமலேஸ்வரி


இணுவில்
16.3.1957

விமலா,

நீ சுகமாக இருக்கிறாயா? பவளம் சுகமா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

மூன்று மாதத்தில் ஏழெட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். மழைச் சாரல் என்று ஒன்றில் எழுதினேன். அவள்தான் என்று தெரியவில்லை என்று இன்னொன்றில் எழுதினேன். எல்லாம் பொய்.

கண்டேன். முழங்கால்வரை சேறு, தூக்கிச் செருகின சீலை, கையில் ஒரு பழந்துணிப் பொட்டலம். அவளா என்று ஒரு கணம் யோசித்தேன், அவள்தான் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தது எங்கள் தலைமையாசிரியை. சுற்றிவர எங்கள் ரீச்சர்மார். "ஆர் அருந்ததி அது? உமக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்று அவ கேட்டா. "இல்லை" என்றேன். சொன்னபிறகு பலகையை மூடாமல் எப்படி இருப்பது?

ஒன்று உனக்குத் தெரியாது. நாகேசு வேண்டாமென்று விட்ட பயிற்சிக் கல்லூரி இடத்துக்கு அடுத்த பெயர் என்னுடையது. அவள் போயிருந்தால் நான் இன்றைக்கு ரீச்சர் இல்லை. அவள் கலியாணம் செய்தபோது நான் கோபப்பட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை மூடத்தான் கோபம். அவள் விட்டதை எடுத்தவள் நீ என்று உனக்கு எழுதினேனே, அது என்னைத்தான்.

செய்தி கிடைத்தும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் வராததற்கு இதுதான் காரணம். திரும்பி வரும்போது ரயில் பரந்தனைக் கடக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்தி கிடைத்தது.

பவளத்தை இனிக் கேட்கமாட்டேன்.

உன் அருந்ததி


கண்டாவளை
19.5.1957

அருந்ததிக்கு,

பவளம் சுகம். மற்றது பிறகு எழுதுகிறேன்.

என்னை 'நீ' என்று எழுதியிருந்தீர். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கதைத்தோம். இப்போது வேண்டாம்.

இரண்டு மாதம் பதில் போடாதது வேண்டுமென்றுதான். நீர் எல்லாவற்றையும் எனக்கு எழுதி இறக்கிவைத்துவிட்டீர். அதைக் கேட்கவேண்டியவள் கேட்காமல் போய்விட்டாள். நான் அவளுக்குப் பதிலாக மன்னிக்கமுடியாது. எனக்கு அந்த உரிமையும் இல்லை, மனமும் இல்லை.

இனி, எழுத விருப்பமில்லாத விஷயம். எனக்கு ஆறு மாதம். காலும் முகமும் வீங்கியிருக்கிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா பார்த்துவிட்டு, இங்கே வைத்துப் பெறக்கூடாது, கடைசி மாதம் யாழ்ப்பாணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்ட போய் இருக்கவேண்டும் என்று சொன்னார். எனக்குத் தாய் இல்லை. பெரியம்மாவும் தையில் காலமாகிவிட்டா. அண்ணர் கலியாணம் செய்யவில்லை. நான் போனால் பவளத்தைப் பார்க்க ஒரு பெண்ணும் இல்லை. நாகேசுவைக் கொண்டுபோன அதே விறாந்தையால் என்னையும் வண்டிலில் ஏற்றுவார்கள் என்று பிள்ளை பயந்து, சீலைத் தலைப்பைப் பிடித்தபடியே திரிகிறாள். எனக்கும் பயம். அதை இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் உமக்கு விடுமுறை. கேட்பதற்கு வேறு ஆள் இருந்திருந்தால் உம்மிடம் கேட்டிருக்கமாட்டேன்.

விமலேஸ்வரி


இணுவில்
23.5.1957

விமலேஸ்வரிக்கு,

கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. உடம்பைக் கவனியும். உப்பைக் குறையும்.

ஜூலை கடைசிக் கிழமை உம்மைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விடச் சொல்லும். அம்மா பார்த்துக்கொள்வா. முன் அறை காற்றோட்டமானது. ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லிவைக்கிறேன். பள்ளிக்கூடம் மூடிய அன்றைக்கே நான் அங்கே வருகிறேன்.

உம்முடைய கணவர் அந்த நாட்களில் உம்முடைய தமையன் வீட்டில் இருக்கவேண்டும். அதை இப்போதே சொல்லிவையும். ஊர்வாய்க்கு நான் தீனி போடமாட்டேன்.

அம்மாவுக்கு அந்த ரயில் விஷயம் ஒன்றும் தெரியாது. சொல்லவேண்டாம்.

அருந்ததி


கண்டாவளை
14.8.1957

விமலேஸ்வரிக்கு,

வீக்கம் வற்றியிருக்கிறது என்று அம்மா எழுதியிருந்தா. சந்தோஷம். அவ தருகிற மருந்தைத் துப்புகிறீராம். துப்பாமல் குடியும்.

உம்முடைய குசினியில் ஒரு சாமானும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மிளகாய்த்தூளைத் தேயிலை டின்னில் போட்டுவைத்து, ஒரு பிளேன்ரீ வீணாகிப்போனது. சாப்பாட்டைப் பவளம்தான் தகப்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவர் படலைக்கு இப்பால் வருவதில்லை. முதல் ஐந்து நாளும் பிள்ளை என் கையால் சாப்பிடவில்லை. "சின்னம்மா இப்பிடிக் குழைக்கிறேல்லை" என்று கோப்பையைத் தள்ளிவிட்டாள். சின்னம்மா என்பது நீர். நான் இன்னும் ஒன்றுமில்லை, வெறும் "நீங்கள்".

முந்தநாள் கிணற்றடியில் கேட்டாள். "நீங்கள்தானே கண்டியிலயிருந்து கடிதம் எழுதினது?"

"ஓம்."

"அம்மா உங்களைப் பாக்க ஸ்ரேசனுக்கு வந்தவா. நானும் வரவெண்டு அழுதனான். கூட்டிக்கொண்டு போகேல்லை. நீங்கள் அம்மாவைக் கண்டனீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒருமுறை சொன்னது போதும் என்று பட்டது. "கண்டனான். கண்டும் காணாத மாதிரி இருந்திட்டன்" என்றேன்.

"ஏன்?"

"வெக்கமாயிருந்தது."

"அம்மாவை நினைச்சோ?"

"ஓம்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நீங்கள் கூடாத ஆள்" என்றாள். "ஓம்" என்றேன்.  வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். வெயில் தாழ்ந்தபிறகு சீப்பைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். "இழுக்காமல் வாருங்கோ" என்றாள். வகிடு கோணலாகத்தான் வந்தது.

அருந்ததி


யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி
24.8.1957

அருந்ததிக்கு,

திங்கட்கிழமை விடிய பெண்பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம். இவரும் பவளமும் நீரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உம்முடைய தாயார் நேற்றுப் பத்தியக்கறி கொண்டுவந்தா. ருசியாகத்தான் இருந்தது. நீர் அவவிடம் சமையல் படித்திருக்கலாம்.

நாகேஸ்வரி என்று பெயர் வைப்போம் என்று இவர் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் பெயரை இன்னொரு பிள்ளை ஏன் சுமக்கவேண்டும்? இவளுக்கு வேறு பெயர் பார்க்கச் சொல்லும்.

பவளத்திடம் நீர் சொன்னதை மூன்று தரம் வாசித்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் அன்றைக்கு அவளிடம் நீர் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தில் இதற்குக் கீழே ஒரு வரியும் இருந்திராது.

கண்டாவளைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான் இருக்கிறது. அதுவரை பவளம் என்னோடு இருப்பாள். அதற்குப் பிறகு படிக்க எங்கேயாவது அனுப்பத்தான் வேண்டும். அப்போது உம்மிடம் அனுப்புவேன். நாகேசு எழுதியதற்காக இல்லை. அவள் அதைத் திருப்பி எடுத்துவிட்டாள். இது நான் சொல்வது. பிள்ளைக்கும் விருப்பமிருந்தால் மட்டும். இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து அவளோடு பழகும். என்னோடு பழகவேண்டும் என்றில்லை.

நான் உம்மை மன்னித்துவிட்டதாக நினைக்கவேண்டாம். பின்னர் ஒருநாள் எனக்கே மறந்துபோகும், அதற்காக இப்போதே எழுதிவைக்கிறேன்.

குழந்தை அழுகிறது. தூக்கவேண்டும்.

விமலா